சருகா, தூசியா? வட சென்னை வாசலுக்கு ஏற்ற புளோயர் எது

மாசி பிறந்தால் போதும், பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளை ஒட்டிய தெருக்களில் தூங்குமூஞ்சி மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கிவிடும். ஒரு நாள் பெருக்காமல் விட்டால் தரை தெரியாது. வேம்பும் கூடவே கொட்டும். பங்குனியில் புங்கை சேர்ந்துகொள்ளும். பெருக்க வருகிற அம்மா இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டால், குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் சருகை ஊதித் தள்ளும் புளோயர் படம் ஒன்றைப் போட்டு, “இதை வாங்கிவிடலாமே” என்பார். அதன்கீழே ஓடும் வாதத்தில் விலை வரும், வாட் வரும், எந்தக் கம்பெனி என்பது வரும். தரையில் என்ன கிடக்கிறது என்ற கேள்வி மட்டும் வராது. வட சென்னையில் எந்தக் கருவி வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்பதை அந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது.

புளோயர் சருகை மட்டும் ஊதாது. சருகுக்கு அடியில் கிடப்பதையும் சேர்த்துத்தான் ஊதும். குழாய் முனையில் காற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். சருகு நாலடி தள்ளிப் போய் விழுந்துவிடும். நுண்தூசி அப்படி விழாது. காற்றில் மணிக்கணக்கில் மிதந்து, அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் போகும், ஊதுகிறவரின் நெஞ்சுக்குள்ளும் போகும்.

இந்தத் தூசி ஊருக்கு ஊர் ஒன்றாக இல்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், ராயபுரம் பக்கம் கொடியில் காய்கிற வெள்ளை வேட்டியில் கரி படியும் என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். உயர்நீதிமன்ற உத்தரவால் 2011இல் அது நின்றது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம் மாறியது. அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையங்களும் அவற்றின் சாம்பலும் இருக்கின்றன. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டியலிட்ட, கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் மணலியும் ஒன்று. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியை யாரும் பட்டியல் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சாலைகளை ஒட்டிய வீட்டு வாசலும், அயனாவரத்திலோ கொளத்தூரிலோ உள்ளடங்கிய தெருவில் இருக்கும் வாசலும் பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். புளோயருக்கு அவை இரண்டும் ஒன்றல்ல.

உங்கள் வாசல் எந்த வகை என்று தெரிய வேண்டுமானால், ஒரு ஜன்னல் விளிம்பை நன்றாகத் துடைத்துவிட்டு இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பிறகு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி லேசாகப் பழுப்பானால் உங்கள் தலைவலி சருகு. துணி கறுத்தால் உங்கள் தலைவலி தூசி. அந்த வாசலில் புளோயர் வேண்டாம் என்பது என் கட்சி. பின்பக்கத் தோட்டத்துக்கோ மொட்டை மாடிக்கோ வாங்கினால் அது வேறு விஷயம்.

அடுத்தது மரம். எல்லா இலையும் ஒரே மாதிரி நகர்வதில்லை. தூங்குமூஞ்சி இலை விரல்நகம் அளவு சிற்றிலைகளாக உதிரும். பேவர் பிளாக் பதித்த தரையில் அவை கற்களின் இடுக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். துடைப்பத்தால் இழுத்தால் மேலே கிடப்பது வரும், இடுக்கில் இருப்பது இன்னும் ஆழமாக அழுந்தும். அங்கே நல்ல புளோயர் செய்கிற வேலையை வேறு எதுவும் செய்யாது: முனையைச் சாய்த்துப் பிடித்து இடுக்கின் போக்கிலேயே நகர்த்தினால், வரிசை வரிசையாக இலைகள் எழுந்து முன்னே ஓடும். முருங்கை இலையும் இதே ரகம். பாதாம் மரத்து இலை இதற்கு நேர்மாறு. உள்ளங்கையைவிடப் பெரியது, சிவந்து காய்ந்து விழும், துடைப்பத்துக்கே சுலபமாக வரும். ஆனால் மழையில் நனைந்து சிமெண்டில் ஒட்டிக்கொண்டால் கையால்தான் உரிக்க வேண்டியிருக்கும். சிறிய புளோயர் அதன் ஓரத்தைக்கூடத் தூக்காது. வேம்பில் இலையும் பூவும் பறக்கும். பழம் தரையில் நசுங்கிப் பிசுபிசுத்துவிட்டால் தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் வழி. தூங்குமூஞ்சிக் காயும் அப்படித்தான். உள்ளே இனிப்பான பசைச் சதை இருக்கும், வண்டி ஏறினால் தரையோடு தரையாகிவிடும். தென்னை மட்டைக்கு இரண்டு கை போதும்.

இனிக் கருவிகளுக்கு வருவோம். முதல் போட்டியாளர் துடைப்பம். அதைப் பட்டியலில் சேர்க்காமல் ஒப்பிடுவது நியாயமில்லை. நீளக் கம்பு செருகிய தென்னந்துடைப்பம், குனியாமல் நின்றபடி பெருக்க வைக்கும். பெருக்குகிறவரின் இடுப்புக்கு நன்மை செய்ய வேண்டும் என்று சங்கத்துக்கு உண்மையாகவே அக்கறை இருந்தால், புளோயருக்கு முன்னால் வாங்க வேண்டியது அதைத்தான். வாசல் தெளித்துப் பெருக்கும் பழக்கத்தில் தூசி அடங்கிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். புளோயருக்கு நேரெதிராக உலர்ந்த தரை வேண்டும். அரை கிரவுண்டு வீட்டில் சிமெண்ட் போட்ட முன்வாசலும் நாலைந்து தொட்டிச் செடியும் மட்டும் இருந்தால், அதாவது வண்ணாரப்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ பெரும்பாலான வீடுகள் இருப்பதுபோல் இருந்தால், துடைப்பம் வேலையை முடித்துவிடும். புளோயருக்கு வயர் இழுத்து, ஊதி, சுருட்டி வைப்பதற்குள் அந்த இடத்தை இரண்டு முறை பெருக்கிவிடலாம்.

துடைப்பம் தோற்கும் இடங்களும் இருக்கின்றன. பேவர் பிளாக் இடுக்கைச் சொன்னேன். சல்லி பரப்பிய இடத்தில் துடைப்பம் சல்லியையும் சேர்த்து வாரும். காம்பவுண்டு சுவருக்கும் வீட்டுக்கும் இடையிலான இரண்டடிச் சந்தில் துடைப்பத்தை வீச இடமிருக்காது. வரிசையாக நிற்கும் பூந்தொட்டிகளின் பின்புறம், நிறுத்திய காரின் அடிப்பக்கம், தகரக் கொட்டகையின் கூரை இவையெல்லாம் காற்று போகிற, கை போகாத இடங்கள். மாதவரம், மணலி புதுநகர் பக்கம் காலி மனை ஒட்டிய தோட்டங்களில் இன்னொன்றும் உண்டு: நாள்பட்ட சருகுக் குவியலுக்குள் பாம்போ தேளோ இருக்கலாம். குனிந்து கையால் அள்ளுவதைவிட, ஆறடி தள்ளி நின்று முதலில் ஊதிக் கலைப்பது நல்லது.

இரண்டாவது, கடைகளிலும் இணையத்திலும் அதிகம் விற்கிற ரகம்: 500 முதல் 800 வாட் வரையிலான, வயர் உள்ள சின்ன புளோயர். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. பாரிமுனைத் தெருக்களில் மின்கருவிக் கடைக்குப் போய் “தோட்டத்துக்கு புளோயர் வேண்டும்” என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் இதைத்தான் எடுத்து மேசைமேல் வைப்பார்கள். கடைக்காரர் பிளக்கைச் செருகி, கீழே கிடக்கும் அட்டைத் துண்டுகளையும் தெர்மாகோல் உருண்டைகளையும் ஒரே ஊதில் வாசலுக்குத் தள்ளிக் காட்டுவார். “பார்த்தீர்களா சார், பவர் எப்படி இருக்கிறது!” பவர் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கருவி கணினியின் உட்புறம், ஏசியின் வெளிப்பெட்டி, தச்சுப் பட்டறையின் மரத்தூள் ஆகியவற்றை ஊதிச் சுத்தம் செய்வதற்காக உருவானது. பெட்டியின்மேல் இலைப் படம் அச்சிட்டிருப்பதால் அது தோட்டக் கருவி ஆகிவிடாது.

வித்தியாசம் எங்கே என்றால், காற்றின் வேகமும் காற்றின் அளவும் வேறுவேறு. வேகம் ஒட்டியிருப்பதைப் பெயர்க்கும்; அளவு பெயர்ந்ததைச் சுமந்து போகும். சின்ன புளோயர் ஊதாங்குழல் மாதிரி: ஒரு புள்ளியில் அடுப்புக் கங்கைப் பறக்கவிடும், ஆனால் களத்தில் நெல் தூற்ற அது உதவாது. இந்த ரகங்களின் காற்றளவு பெரும்பாலும் நிமிடத்துக்கு 2.8 முதல் 4 கனமீட்டர். சில பெட்டிகளில் சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி, என்று போட்டிருப்பார்கள். ஒரு கனமீட்டருக்கு 35.3 சிஎஃப்எம் என்று மாற்றிக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் இவை ஏறக்குறைய 100 முதல் 140 சிஎஃப்எம். மரம் நிற்கும் தோட்டத்தில் சருகுக் குவியலைத் தள்ளிக்கொண்டு போக அதைப்போல் மூன்று மடங்காவது வேண்டும்.

தள்ளுவிசையைத் தோராயமாக நாமே கணக்கிடலாம். நிமிடத்துக்கு எத்தனை கனமீட்டர் என்பதை, வினாடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்பதால் பெருக்கி, அதை 0.02ஆல் பெருக்கினால் நியூட்டனில் விடை வரும். மணிக்குக் கிலோமீட்டர் என்று கொடுத்திருந்தால் 3.6ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 3.5 கனமீட்டர், வினாடிக்கு 75 மீட்டர் என்றால் 5 நியூட்டன் சொச்சம். அதாவது அரை கிலோ எடையின் அழுத்தம். நிமிடத்துக்கு 12 கனமீட்டர், வினாடிக்கு 50 மீட்டர் என்றால் 12 நியூட்டன். வேகம் குறைவு, விசை இரண்டு மடங்குக்கு மேல். விளம்பரத்தில் வேகத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொரு தந்திரமும் உண்டு: குறுகிய முனையை மாட்டி வேகத்தை அளப்பார்கள், முனையைக் கழற்றிவிட்டு அளவை அளப்பார்கள், இரண்டையும் ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் போடுவார்கள். அதனால் இந்தக் கணக்கின் விடையை மேல் வரம்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நியூட்டன் கணக்கைப் பெட்டியிலேயே அச்சிடும் தயாரிப்பாளருக்கு நான் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

இவ்வளவு சொல்லியும், சின்ன புளோயரை முற்றாக ஒதுக்க மாட்டேன். சிமெண்ட் தரையில் தூங்குமூஞ்சிச் சிற்றிலை, கார் நிறுத்துமிடம், ஜன்னல் கம்பி, மொட்டை மாடியின் மூலைகள் ஆகியவற்றுக்கு அது போதும். வாங்குவதானால் எக்ஸ்டென்ஷன் வயரில் கஞ்சத்தனம் கூடாது. 750 வாட் கருவி 230 வோல்ட்டில் சுமார் 3.3 ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜருக்கு வாங்கிய மெல்லிய வயர் சூடேறும்; 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி வயராக இருக்கட்டும். வெளியில் வேலை செய்யும் பிளக்குக்குப் பின்னால் 30 மில்லிஆம்பியர் கசிவுக் கட்டுப்பாட்டு சுவிட்ச் (மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிப்பது) இருப்பது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செடிக்குத் தண்ணீர் விட்ட ஈரத்தில் வயரை இழுத்துக்கொண்டு நடப்பது விளையாட்டல்ல. மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேயும். மாற்றுப் பிரஷ் கிடைக்கிற கம்பெனியா என்று வாங்கும்போதே கேளுங்கள். திருவொற்றியூர், காசிமேடு போலக் கடலோரமாக இருந்தால், உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் திருகுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்துப் பெட்டிக்குள் வைப்பது அங்கே அவசியம்.

இதே குடும்பத்தில், இழுத்து உறிஞ்சிப் பையில் சேர்க்கும் ரகம் ஒன்று உண்டு. சின்ன புளோயர்களின் பின்னால் மாட்டும் துணிப்பை தூசிக்குத்தான், நாலு பாதாம் இலையில் அடைத்துக்கொள்ளும். பெரிய ரகம் 3000 வாட் வரை போகும், 13 ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்பியர் பிளக் வேண்டும். சருகை நொறுக்கித் தருவது அதன் கவர்ச்சி. நம் தோட்டத்துத் தரையிலோ சருகோடு பால் கவர், ஜல்லி, குழந்தைகள் விட்ட பிளாஸ்டிக் துண்டு எல்லாம் கிடக்கும். உள்ளே போனால் விசிறி இறக்கை உடையும், கவர் சுற்றிக்கொள்ளும். எனக்கு இந்த ரகத்தில் நம்பிக்கையில்லை.

பேட்டரி புளோயரில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது. 20 வோல்ட் என்று விற்பது உண்மையில் 18 வோல்ட். முழுக்க சார்ஜ் ஏறியவுடன் இருக்கும் உச்சத்தைப் பெயராக வைத்திருக்கிறார்கள். 40 வோல்ட் என்பது 36. ஏமாற்று என்று சொல்ல முடியாது, உலகம் முழுக்க இப்படித்தான் விற்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கி வரும் வாட்-மணி. 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரி 36 வாட்-மணி. 300 வாட் இழுக்கும் கருவியில் அது ஏழு நிமிடம் ஓடும். சார்ஜ் ஏற ஒரு மணி நேரம் ஆகலாம். 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 144 வாட்-மணி; அதே இழுப்பில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முழு வேகத்தில் வைக்காமல் பாதியில் வைத்தால் இன்னும் நிறைய நேரம் வரும், பெரும்பாலான வேலைக்குப் பாதி வேகமே போதும்.

ஒரு கிரவுண்டு, ஒன்றரை கிரவுண்டு மனையில் இரண்டு பெரிய மரம், பேவர் பிளாக் தரை, பத்துப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்ககம். பெரம்பூர், செம்பியம், அயனாவரம், வில்லிவாக்கம், கொளத்தூர் முழுக்க இதுதானே. இந்த இடத்துக்கு நான் கை காட்டுவது 36 வோல்ட் ரகம்தான். வயர் இழுக்க வேண்டாம், யார் வீட்டு மீட்டரிலிருந்து மின்சாரம் எடுப்பது என்ற சண்டை வேண்டாம் (சங்கத்தில் இருந்தவர்களுக்கு இந்தச் சண்டையின் அருமை தெரியும்). சத்தம் பெட்ரோலைவிட வெகுவாகக் குறைவு. விலைதான் இடிக்கும்: கருவி, பேட்டரி, சார்ஜர் மூன்றும் தனித்தனியாக விற்கப்படுவதைக் கவனிக்காமல் “வெறும் கருவி” விலையைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. ஏற்கெனவே வீட்டில் ஒரு கம்பெனியின் பேட்டரி டிரில் இருந்தால், அதே பேட்டரி பொருந்தும் புளோயரைப் பார்ப்பது லாபம். பேட்டரியை மே மாத வெயிலில் காய்ந்த கையோடு சார்ஜில் போடாதீர்கள், ஆறவிட்டுப் போடுங்கள். லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதில் வெப்பத்துக்குத்தான் முதலிடம். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைக்கும்போது பாதி சார்ஜில் வைப்பது நல்லது.

பெட்ரோல் ரகத்துக்கு ஒரே ஒரு நியாயம் உண்டு, பரப்பு. பெரிய பள்ளி மைதானம், கோயில் வெளிப்பிராகாரம், தொழிற்சாலை வளாகம் என்று ஏக்கர் கணக்கில் இருந்தால், முதுகில் மாட்டிக்கொள்ளும் 60 சிசிக்கு மேற்பட்ட இயந்திரத்துக்கு இணை இல்லை. அதன் விசை 30 நியூட்டனையும் தொடும். ஈரச் சருகையும் பெயர்த்துவிடும். மற்றபடி அது தொல்லை. பெரும்பாலானவை இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின். லிட்டருக்கு 20 மில்லி அல்லது 40 மில்லி 2டி ஆயில் என்று கையேடு சொல்லும் அளவில் கலக்க வேண்டும். எரிபொருளில் ஒரு பகுதி எரியாமலேயே புகையோடு வெளியேறும். வணிகத்துக்குப் பயன்படும் பெட்ரோல் புளோயர் ஒரு மணி நேரம் ஓடினால், புகைமூட்டத்தை உண்டாக்கும் வாயுக்களைப் பொறுத்தவரை, ஒரு புதிய காரை 1,100 மைல் ஓட்டியதற்குச் சமம் என்று கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் கணக்கிட்டிருக்கிறது. ஏறக்குறைய 1,770 கிலோமீட்டர்! அந்த மாநிலம் 2021இல் சட்டம் இயற்றி, 2024 முதல் இத்தகைய புதிய சிறு என்ஜின்கள் புகையற்றவையாகத்தான் இருக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. வாஷிங்டன் நகரம் 2022 தொடக்கத்திலிருந்து பெட்ரோல் புளோயரையே தடை செய்துவிட்டது. மணலியின் காற்றுக்கு இன்னொரு புகைபோக்கி வேண்டுமா என்பதை அவரவர் யோசிக்கலாம்.

நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் ஓட்டிவிட்டு, தொட்டியில் பெட்ரோலோடு பரண்மேல் வைத்தால், அடுத்த மாசியில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் வலிக்கும். கார்புரேட்டர் பிசின் பிடித்திருக்கும். வைப்பதற்கு முன் தொட்டியைக் காலி செய்து, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட வேண்டும்.

சத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு 45. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. பெட்ரோல் புளோயர் பிடித்திருப்பவரின் காதருகே 90 டெசிபலைத் தாண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். நம் தெருக்களில் இரு பக்கச் சுவரும் எதிரொலிப்பதால் அந்த அளவுக்குக்கூடக் குறையாது. தொண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் துறைமுகத்திலோ ஆலையிலோ இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து காலை ஏழு மணிக்குத்தான் கண் அசருகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். விதியில் ஆறு மணிக்கு மேல் பகல் என்று இருப்பதால் அவர்களுக்குத் தூக்கம் வந்துவிடாது. எதிர் வீட்டு அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நேரத்தை முடிவு செய்தால் பாதிப் பகை வராது.

ஊதுகிறவருக்குக் காதடைப்பானும் என்95 முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். சங்கம் கருவி வாங்கிக் காவலாளி கையில் கொடுத்துவிட்டு இவை மூன்றையும் வாங்க மறந்துவிடும் வழக்கம் எங்கும் இருக்கிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பாதுகாப்பு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம்தான்.

ஊதும் நேரத்தைக் கடற்காற்று தீர்மானிக்கட்டும். காலையில் தரைக்காற்று மெதுவாக மேற்கிலிருந்து வரும். முற்பகல் தாண்டியதும் கடற்காற்று கிழக்கிலிருந்து வேகமாக அடிக்கத் தொடங்கும். அது தொடங்குவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் ஒரு பக்கம் தள்ள அது மறுபக்கம் தள்ளும். தை, மாசியில் பனி ஈரம் இருப்பதால் எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் தொடங்குவது சரி. காற்று போகும் திசையிலேயே ஊதுங்கள். சுவரோரத்திலிருந்து நடுவுக்கு வாருங்கள். முனையைத் தரைக்கு நேர்குத்தாகப் பிடித்தால் புழுதிதான் எழும். தாழ்வாகச் சாய்த்து, இடமும் வலமுமாக நிதானமாக வீச வேண்டும். குறைந்த வேகத்தில் தொடங்கி, இலை நகரும் வேகம் வந்ததும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மண் தரையானால் முந்தின மாலை லேசாகத் தண்ணீர் தெளித்து வைப்பது தூசியைப் பாதியாக்கும். நடுவில் ஒரு தார்ப்பாயை விரித்து, அதன்மேல் சருகை ஏற்றி நாலு மூலையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனால், முறமும் பாண்டும் எடுத்து அள்ளும் வேலை மிச்சம். செடிப் பாத்தியில் மட்டும் ஊதாதீர்கள். அங்கே கிடக்கும் சருகு மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. மேல்மண்ணும் அதோடு பறந்துவிடும்.

கேட்டைத் திறந்து தெருவுக்கு ஊதிவிடுவது, நான் பார்த்த வரையில், புளோயர் வாங்கியவர்களுக்கு முதல் வாரத்திலேயே வந்துவிடும் கெட்ட பழக்கம். தெருவுக்குப் போன சருகு மழைநீர் வடிகாலின் கம்பி மூடியில் போய் அடையும். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் ஐப்பசியில் முழங்கால் தண்ணீரில் நடந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தோட்டக் கழிவைத் தெருவில் கொட்டுவதற்கும் எரிப்பதற்கும் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016லேயே தடை விதித்துவிட்டன. போகிப் புகையில் விமான நிலையமே தடுமாறியது நினைவிருக்கும்.

மொட்டை மாடியை மட்டும் புரட்டாசி முடிவதற்குள் எப்படியாவது ஊதிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து எல்லா மாடியிலும் குழாய் இருக்கிறது. குழாய் வாயில் சருகு அடைத்துக்கொண்டால் மாடியில் தண்ணீர் தேங்கும், கொசுவும் வரும். இந்த ஒரு வேலைக்குத்தான் அந்த ஆயிரத்துச் சொச்ச ரூபாய் சின்ன புளோயரை நான் மனமார வாங்கச் சொல்வேன். கைப்பிடிச் சுவர் இல்லாத ஓரத்தில் பின்னோக்கி நடந்தபடி ஊதக் கூடாது என்பதைச் சொல்லி வைக்கிறேன்.

சேர்ந்த சருகை ஓட்டை போட்ட சாக்கில் நிரப்பி, நனைத்து, நிழலில் வைத்தால் மக்கிவிடும். தூங்குமூஞ்சியும் முருங்கையும் சில மாதத்திலேயே கறுத்துப் பொடியாகும். வேப்பிலை கொஞ்சம் மெதுவாகப் போகும். பாதாம் இலையை முழுசாகப் போட்டால் அடுத்த உதிர்வு வரும்வரை அப்படியே கிடக்கும். காய்ந்திருக்கும்போதே காலால் மிதித்து நொறுக்கி, ஒரு கை பழைய உரமோ சாணமோ தூவிப் போடுவது நல்லது.